மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் சிகிச்சை: ராத்திரி கேப்சூலை மட்டும் விட்டுவிடலாமா?

செம்பருத்தி_காரைக்குடி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். விவரத்தை முழுசா போட்டுடறேன், அப்பத்தான் சரியான பதில் கிடைக்கும்.

வயசு 51. மாதவிலக்கு நின்னு 18 மாசம் ஆச்சு. கர்ப்பப்பை, சினைப்பை ரெண்டும் இருக்கு. ராத்திரி நாலஞ்சு தடவை நெஞ்சுலேருந்து கழுத்து, முகம்னு அனல் ஏறி வேர்த்துக் கொட்டுது. சேர்ந்தாப்ல மூணு மணி நேரம் தூங்குறதே பெரிசு. எடை 72 கிலோ, உயரம் 157 செ.மீ. பி.பி. 132/84. மூணு மாச சராசரி சர்க்கரை 6.0. ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 260. தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை காலையில உண்டு. அம்மாவோட தங்கச்சிக்கு 62 வயசுல மார்பகப் புற்றுநோய் வந்துச்சு. வேற யாருக்கும் இல்லை. ரத்தக்கட்டு, பக்கவாதம் எதுவும் எனக்கு வந்ததில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காக: எஸ்ட்ராடியால் வேலரேட் 2 மி.கி. காலையில ஒண்ணு, மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் 100 மி.கி. ராத்திரி ஒண்ணு. இன்னும் ஆரம்பிக்கலை.

கேட்க வேண்டியது மூணு. ராத்திரி கேப்சூல் போட்டா கிறுகிறுன்னு வரும்கிறாக, அதை மட்டும் விட்டுடலாமா? ஹார்மோன் மாத்திரை எடுத்தா கேன்சர் வரும்னு சொல்றாகளே, எவ்வளவு உண்மை? நவம்பர்ல மகள் பிரசவத்துக்கு டல்லாஸ் போகணும், அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அவ்வளவு நேரம் விமானத்துல உட்கார்ந்து போறதுக்கும் இந்த மாத்திரைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

---

மகளிர்நலம்_தேவகோட்டை

ஆச்சி, முதல் கேள்விக்குப் பதில்: கூடவே கூடாது. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு அந்த ராத்திரி கேப்சூல்தான் காவல். காலை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். மாதாமாதம் உதிர்ந்து வெளியேறிய சவ்வு இப்போது உதிர வழியில்லாமல் தடிக்கும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை அடக்கி வைக்கும். 1990களில் அமெரிக்காவில் நடந்த 'பெப்பி' ஆய்வில், கர்ப்பப்பை இருக்கிற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் மூன்று வருடம் கொடுத்தார்கள். அவர்களில் 34 சதவீதம் பேருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய வகையில் சவ்வு தடித்தது. மூன்று பேரில் ஒருவர். கேப்சூலைப் பாதியில் நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடர்வதுதான் இந்தச் சிகிச்சையில் வீட்டளவில் நடக்கிற மிகப்பெரிய தவறு.

கிறுகிறுப்பு உண்மைதான். ஆனால் அது உங்களுக்குச் சாதகமாகவே வேலை செய்யும். படுக்கப் போகும்போது, கதவு, விளக்கு எல்லாம் பார்த்து முடித்தபிறகு விழுங்குங்கள். அரை மணி நேரத்தில் கண் சொக்கும். எட்டு மணிக்கே போட்டுவிட்டு அடுப்படியில் நின்றால் தலை சுற்றத்தான் செய்யும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்து மயக்கமும் கூடும், ஆகவே சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தள்ளியே போடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் 200 மி.கி. எடுக்கும் முறை உண்டு. அதில் மாதாமாதம் ரத்தப்போக்கு திரும்ப வரும். நின்று ஒன்றரை வருடம் ஆனவருக்கு அது பிடிக்காது என்பதால்தான் உங்கள் டாக்டர் தினமும் 100 என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, புற்றுநோய். இந்தப் பயம் 2002 ஜூலையில் பிறந்தது. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் 16,608 பெண்கள் கலந்திருந்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் மருந்து) சேர்ந்த மாத்திரை கொடுத்த பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் 10,000 பெண்களுக்கு என்று கணக்கிட்டால் மார்பகப் புற்றுநோய் 30லிருந்து 38 ஆனது. பக்கவாதம் 21லிருந்து 29, நுரையீரலில் ரத்தக்கட்டு 8லிருந்து 16. இடுப்பெலும்பு முறிவு 15லிருந்து 10 ஆகக் குறைந்தது, பெருங்குடல் புற்றுநோயும் 16லிருந்து 10 ஆகக் குறைந்தது. செய்தித்தாள்களில் முதல் பாதி மட்டும் தலைப்பானது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் புதிதாக ஆரம்பித்தவர்கள் ஏராளம். கொடுத்த மருந்தும் வேறு: குதிரை மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் 0.625 மி.கி., கூடவே மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கைப் புரோஜெஸ்டின் 2.5 மி.கி. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 18 வருடம் பின்தொடர்ந்து 2017ல் வெளியிட்ட கணக்கில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மொத்த இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

அதற்காக மார்பக ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2019ல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய தொகுப்பு தெளிவாக இருக்கிறது. மேலைநாட்டுப் பெண்களில், மருந்து எடுக்காத 100 பேரில் 50 வயதிலிருந்து 69க்குள் 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. 50 வயதில் ஆரம்பித்துத் தினசரி இரண்டும் சேர்ந்த சிகிச்சையை ஐந்து வருடம் எடுத்தால் அது 8.3. அதாவது 50 பேரில் கூடுதலாக ஒருவர். நம் பெண்களுக்கு அடிப்படை எண்ணிக்கையே அதைவிடக் குறைவு என்பதால் கூடுதலும் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. வருடம் கூடக்கூட இதுவும் ஏறும். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனில் இந்த ஏற்றம் செயற்கை வகைகளைவிடக் குறைவாக இருப்பதைப் பிரான்சின் 'ஈ3என்' ஆய்வு காட்டியது. உங்கள் சீட்டில் இருப்பது அந்த வகைதான்.

சின்னம்மாவுக்கு 62 வயதில் வந்தது தடை ஆகாது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ வந்திருந்தால், ஐம்பதுக்குக் கீழே யாருக்காவது வந்திருந்தால், சினைப்பைப் புற்றுநோயும் குடும்பத்தில் இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி முதலில் பேச வேண்டியிருக்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் நான் உங்கள் சீட்டோடு மாறுபடுகிறேன். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது, ட்ரைகிளிசரைடையும் ஏற்றுகிறது. காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தோல் வழியாகப் போகும் ஜெல்லோ பேட்ச்சோ கல்லீரலில் அந்த முதல் சுற்றைத் தாண்டிவிடுவதால் வழக்கமான அளவில் இந்த ஏற்றம் தெரிவதில்லை. உங்களுக்கு எடைக் குறியீடு 29, ட்ரைகிளிசரைடு 260, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, அதற்குமேல் நீண்ட விமானப் பயணம். இந்த நான்கையும் டாக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லி, "ஜெல்லுக்கு மாத்தலாமா?" என்று கேளுங்கள். எதற்கு மாற்றினாலும் ராத்திரி கேப்சூல் கட்டாயம் தொடரும்.

ஆரம்பிப்பதாக இருந்தால் இப்போதே ஆரம்பியுங்கள். முதல் மூன்று மாதத்தில்தான் சொட்டு ரத்தம், மார்பில் கனம், மருந்தளவு கூட்டுவது குறைப்பது எல்லாம் வரும். முதல் மறுபரிசோதனை ஊரிலேயே முடிந்துவிட்டால் நல்லது. மருந்து ஆரம்பிக்கும் முன்னால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கல்லீரல் பரிசோதனை இரண்டும் கையில் இருக்கட்டும். மாதவிலக்கு நின்றதை உறுதிசெய்யப் பார்க்கும் எஃப்.எஸ்.ஹெச். ரத்தப்பரிசோதனை 45 தாண்டியவருக்குத் தேவையே இல்லை. 18 மாதம் நின்றிருப்பதே போதுமான அத்தாட்சி.

---

மருந்தாளுநர்_புதுவயல்

மேலே சொன்னதோடு கடைப்பக்கத்து விஷயங்கள் சில.

கேப்சூல் கிடைக்கவில்லை என்றால், "அதுவும் புரோஜெஸ்டிரோன்தான், இதை வச்சுக்கங்க" என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோயில் விசேஷம், கல்யாணம் என்று தேதி தள்ளிப்போடுவதற்கு எல்லாரும் கேட்டு வாங்கும் நார்எத்திஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரை இதற்கு மாற்று அல்ல. மருந்தும் வேறு, அளவும் வேறு. டைட்ரோஜெஸ்டிரோன் ஏற்கத்தக்க மாற்று, ஆனால் அதை டாக்டர்தான் எழுத வேண்டும். கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் கேப்சூல் அட்டையைப் படியுங்கள், சில தயாரிப்புகளில் கடலை எண்ணெய் உண்டு.

ஜெல்லுக்கு மாறினால்: சாதாரணமாக வருவது 0.06 சதவீதம். 2.5 கிராம் ஜெல்லில் 1.5 மி.கி. எஸ்ட்ராடியால் இருக்கும். பாதி அளவில் ஆரம்பித்துக் கூட்டுவது வழக்கம். காலையில் குளித்து, நன்றாகத் துவட்டி, தொடையின் வெளிப்பக்கத்திலோ மேற்கையிலோ உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு மெல்லிசாகத் தடவுங்கள். தேய்த்து இறக்க வேண்டாம். மார்பில் தடவவே கூடாது. ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் தொடையே வசதி. ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு உடுத்துங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது.

இதில் ஆல்கஹால் இருக்கிறது, ஈரமாக இருக்கும்வரை தீப்பிடிக்கும். குளித்துத் தடவிய கையோடு சாமி அறைக்குப் போய் விளக்கேற்றுவது, கேஸைப் பற்றவைப்பது இரண்டும் ஆபத்து. காய்ந்தபிறகு பயமில்லை.

சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ப்பவர்கள் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போனபிறகு தடவுங்கள். எண்ணெய்த் தோலில் ஜெல் இறங்காது. அந்த வாரம் அனல் கூடிவிட்டது, மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும், காரணம் இதுவாக இருக்கும்.

டல்லாஸ் போனபிறகு இதை முக்கியமாகக் கவனியுங்கள். ஜெல் தடவிய தோல் பச்சைக் குழந்தையின் தோலில் படக்கூடாது. காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் வழக்கம் நமக்கு உண்டு. தொடையில் தடவிய நாளில் அப்படிச் செய்தால் நேரே குழந்தைக்கு ஏறும். ராத்திரி தடவிக்கொண்டு காலையில் அந்த இடத்தைக் கழுவிவிட்டுக் குளிப்பாட்டலாம், இல்லையேல் மேற்கையில் தடவி, முழங்கைவரை மூடிய ரவிக்கை போடலாம்.

தைராய்டு மாத்திரையைப் பற்றி. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதம் ரத்தத்தில் கூடும், 50 மைக்ரோகிராம் போதாமல் போகலாம். ஆரம்பித்து 6 முதல் 12 வாரத்தில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப்பரிசோதனை பாருங்கள். ஜெல்லில் இந்தத் தொந்தரவு இல்லை. கால்சியம் மாத்திரையை எப்படியிருந்தாலும் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

சீட்டின் நகல் இரண்டு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய டாக்டர் கடிதம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். அங்கே வணிகப்பெயர் வேறு.

---

செம்பருத்தி_காரைக்குடி

ரொம்ப நன்றி. கேப்சூலை விட மாட்டேன். இன்னும் சில சந்தேகம். வீட்டுல உளுந்தங்களியும் தண்ணீர்விட்டான் கிழங்கும் சாப்பிட்டாலே போதும்கிறாக. இதை எத்தனை வருஷம் எடுக்கணும்? நடுவுல ரத்தம் பட்டா என்ன செய்றது? அப்புறம் நாத்தனாருக்கு 43 வயசுல கர்ப்பப்பையோட சினைப்பையும் சேர்த்து எடுத்துட்டாக. இப்ப 45. அவுகளுக்கு யாரும் ஹார்மோன் எழுதலை. அவுகளுக்கு வேணுமா, வேண்டாமா?

---

மகளிர்நலம்_தேவகோட்டை

நாத்தனாரிலிருந்து ஆரம்பிக்கிறேன், அவர்களுக்குத்தான் அவசரம். 43ல் சினைப்பை இரண்டும் போனால் ஹார்மோன் ஒரே நாளில் அறுந்துபோகும். உடம்பு ஏழெட்டு வருடம் முன்கூட்டியே வறண்டுவிடுகிறது. எலும்பும் இதய ரத்தக்குழாயும் இதற்கு விலை கொடுக்கும். மார்பகப் புற்றுநோய் போன்ற தடை எதுவும் இல்லை என்றால், இயல்பாக நிற்கும் வயது வரைக்கும், அதாவது 50ஐ ஒட்டி, ஹார்மோன் கொடுப்பதுதான் பொது வழிகாட்டல். அவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், ராத்திரி கேப்சூல் வேண்டாம். ஐம்பது தாண்டியவர்களின் ஆபத்துக் கணக்கை அவர்கள்மேல் ஏற்றக்கூடாது, அந்த வயதில் உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். எதற்காக எடுத்தார்கள் என்ற டிஸ்சார்ஜ் சம்மரியும் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டும் முதலில் பார்க்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) என்று இருந்தால் கர்ப்பப்பை இல்லாவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் சேர்ப்பதுண்டு. கர்ப்பப்பை எடுத்த நிறையப் பேருக்கு சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. அந்தத் தாள் இல்லை என்றால் எடுத்த ஆஸ்பத்திரியில் கேட்டு நகல் வாங்குங்கள்.

உங்களுக்கு எத்தனை வருடம்? நாள் குறித்துச் சொல்ல முடியாது. மூன்றாவது மாதம் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். அனல் இன்னும் இருக்கிறதா, பி.பி., எடை, மேமோகிராம் எப்படி என்று. 60 வயதுக்குள்ளோ, நின்று பத்து வருடத்துக்குள்ளோ ஆரம்பிப்பவருக்கு நன்மை கனமாக நிற்கிறது. அதைத் தாண்டிப் புதிதாக ஆரம்பித்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 65க்குமேல் கூட்டு மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு மறதிநோய் இரண்டு மடங்கானது 2003லேயே தெரிந்தது. நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தினாலும் மெல்லக் குறைத்தாலும் நீண்டகாலப் பலன் ஒன்றுதான், மெல்லக் குறைத்தால் அனல் திரும்புவது கொஞ்சம் தணிவாக இருக்கும்.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்த மருந்துகளின் அட்டையிலிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளை (கடுமையான ஆபத்தைக் கட்டம்போட்டுக் காட்டுபவை) நீக்குவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுப்பது பற்றிய எச்சரிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டு "இதயத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது, எல்லாரும் போடுங்க" என்று பரவுகிறது. தொந்தரவே இல்லாதவர் வருமுன் காப்பதற்காக மட்டும் இதை எடுக்கும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

ரத்தம்: முதல் மூன்று, சில சமயம் ஆறு மாதம்வரை சொட்டுச் சொட்டாகப் படலாம். தினசரிக் காலண்டரில் தேதி, எத்தனை பேட், திட்டா சொட்டா என்று குறியுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பட்டால், அல்லது முழுக்க நின்று மறுபடி வந்தால், உள்வழி ஸ்கேன் எடுத்துச் சவ்வின் தடிப்பைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் திசுவும் எடுப்பார்கள். கேப்சூல் எத்தனை நாள் தவறியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உளுந்தங்களி அருமையான சாப்பாடு, புரதம் உண்டு, விடாதீர்கள். ஆனால் அது ஈஸ்ட்ரோஜனுக்கு மாற்று ஆகாது. தண்ணீர்விட்டான் கிழங்குக்கு அனலைத் தணிப்பதாக உறுதியான ஆதாரம் இல்லை. ஒழுங்காக எடுத்த ஹார்மோன் அனலை முக்கால்வாசி குறைக்கும். இரண்டு முதல் நாலு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும், முழுப்பலனுக்கு மூன்று மாதம்.

---

எலும்பும்_நடையும்_பள்ளத்தூர்

எலும்புப் பக்கம் யாரும் விரிவாகச் சொல்லவில்லை, ஆகவே இது. ஈஸ்ட்ரோஜன் நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரையும். ஹார்மோன் எடுக்கும் காலம் முழுக்க அந்தக் கரைசல் நின்றிருக்கும், நிறுத்தினால் மறுபடி தொடங்கும். ஆகவே மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் உடம்புக்குள் போக வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. சுமார், அரை லிட்டர் பாலில் 600 சுமார். மீதியைக் கீரையும் எள்ளும் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டிலேயே வந்துவிட்டால் மாத்திரை வேண்டாம். வேண்டியிருந்தால் கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு, ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் போகாமல். வெயில் ஊராக இருந்தாலும் வளவுக்குள்ளேயே (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியே) நாள் போகிறவர்களுக்கு வைட்டமின் டி குறைவாகத்தான் இருக்கும், பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

எலும்பு உடைவதற்கு முந்தின நொடி எப்போதும் ஒரு விழுதல். நம் வீட்டு ஆத்தங்குடித் தரைக்கல் தண்ணீர் பட்டால் கண்ணாடி. வளவில் மழைத்தண்ணீர் இறங்கும் இடத்தைச் சுற்றி, பின்கட்டில் கை கழுவும் இடத்தில், எண்ணெய் விட்டுத் துடைத்த அன்றைக்கு எங்குமே வழுக்கும். ராத்திரி கேப்சூல் போட்டுத் தூங்கி, நடுச்சாமத்தில் குளியலறைக்கு எழுந்தால் அந்த உயரமான நிலைப்படியில் கால் இடறும். படுக்கையிலிருந்து குளியலறைவரை தரையோடு ஒரு ராத்திரி விளக்கு, ஈரம்படும் இடத்தில் ரப்பர் மிதியடி, எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு நடப்பது. இதெல்லாம் ஹார்மோன் ஆரம்பிக்கும் அன்றே செய்ய வேண்டியவை.

விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கெண்டைக்கால் சுருக்கி விரித்தல் இருபது தடவை, நடைவழிப் பக்க இருக்கை, முழங்காலுக்குக் கீழ் அழுத்தும் காலுறை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், இறங்கியதும் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள், "ஹார்மோன் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

---

செவிலி_சிவகங்கை

படிக்கிறவர்களில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களும் இருப்பீர்கள், மேலே உள்ளதை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு மாத்திரை, ஜெல், டிபோலோன் எதுவும் கூடாது. டிபோலோன் ஹார்மோன் போல வேலை செய்யும் செயற்கை மாத்திரை, ஆனால் "ஹார்மோன் இல்லை" என்று சொல்லிக் கொடுக்கப்படுவதுண்டு. புற்றுநோய் வந்தவர்களுக்கு அது திரும்ப வருவதைக் கூட்டியது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். அனலுக்கு வென்லாஃபாக்சின் 37.5 மி.கி.யில் ஆரம்பித்து 75 வரை, அல்லது ராத்திரியில் காபாபென்டின் 300 மி.கி. போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் எடுப்பவர்கள், அனலுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பராக்சிடின் எடுக்கக்கூடாது. டமாக்சிஃபெனைச் செயலுள்ள மருந்தாக மாற்றும் கல்லீரல் நொதியை அது அடைத்துவிடும்.

அனல் இல்லாமல் கீழே வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு மட்டும் இருப்பவர்களுக்கு முழு உடம்புக்கான ஹார்மோன் தேவையில்லை. எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீமை அங்கேயே உள்ளே வைக்கலாம், 0.5 மி.கி. அளவு இரண்டு மூன்று வாரம் தினமும் ராத்திரி, பிறகு வாரம் இரண்டு நாள். ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம், அதனால் புரோஜெஸ்டிரோன் வேண்டாம். நீர்க்கடுப்புக்கு வருடத்துக்கு நாலு தடவை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுகிற ஆச்சிமார்களுக்கு இதை யாரும் சொல்வதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

செம்பருத்தி ஆச்சி, மேமோகிராமுக்குப் போகும் அன்று குளித்துவிட்டுப் பவுடர், வாசனைத் திரவியம், மஞ்சள் எதுவும் மார்பிலும் அக்குளிலும் போடாதீர்கள். பவுடர்த்துகள் படத்தில் கால்சியப் புள்ளி மாதிரித் தெரியும். பழைய படம் ஏதாவது இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். மேமோகிராம் முடிவை 'பைராட்ஸ்' என்ற எண்ணால் குறிப்பார்கள், ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 0' என்று வந்தால் பதறாதீர்கள். படம் முழுமையாக இல்லை, இன்னொரு கோணமோ அல்ட்ராசவுண்டோ வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். 1 அல்லது 2 என்று வந்தபிறகு ஹார்மோனை ஆரம்பியுங்கள்.